வீட்டில் இருப்பதும் வீட்டில் படிப்பதும்

"பிள்ளை வீட்டுலதான் இருக்கான்." நம்ம உலு சிலாங்கூர் தோட்டப் பக்கத்தில் இந்த வாக்கியத்துக்கு நல்ல அர்த்தம் இருந்ததே இல்லை. பிள்ளை வீட்டில் இருந்தான் என்றால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று பொருள். அல்லது அம்மாவோடு பால் காட்டுக்குப் போக ஒரு கை தேவைப்பட்டது என்று பொருள். அல்லது சப்பாத்து கிழிந்துவிட்டது, அடுத்த சம்பளம் வரைக்கும் பள்ளி கிடையாது என்று பொருள். நம்ம தாத்தா பாட்டிக்கு வீடு என்பது படிப்பு நின்றுபோன இடம்.

இன்றைக்கு அதே வாக்கியத்தைச் சிலர் பெருமையாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். "ஸ்கூலை விட்டு நிறுத்திட்டோம், வீட்டிலேயே படிக்கிறான், ஹோம்ஸ்கூல்." கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பக்கம் மட்டும் கேட்ட இந்தச் சொல் இப்போது அம்பாங் பெச்சா வரைக்கும் வந்துவிட்டது.

ரெண்டு வாக்கியமும் கேட்க ஒன்றுதான். பிள்ளை வீட்டில் இருக்கிறான். ஆனால் ஒன்றில் அவன் படிப்பு பறிபோனது. இன்னொன்றில் அவனுக்குக் கூடுதலாக ஏதோ கிடைக்கப் போவதாகப் பெற்றோர் நம்புகிறார்கள். இந்த ரெண்டையும் பிரிக்கிற கோடு எது? இந்தக் கட்டுரையில் நான் யோசித்துப் பார்க்க விரும்பும் கேள்வி இதுதான்.

கல்யாணமே ஆகாத நமக்கு இது எதுக்கு என்று கேட்காதீர்கள், நண்பர்களே. நம்ம சமூகத்தில் பிள்ளை படிப்பு விஷயம் வந்தால் பெற்றோர் கல்வி அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் பல்கலைக்கழகம் போகிற பையனையோ பெண்ணையோதான் கேட்பார்கள். என்னையும் ஒரு அக்கா கேட்டார். அவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறவர், கணவர் லோரி ஓட்டுநர். மூன்றாம் ஆண்டு படிக்கும் மகனுக்கு வாசிக்க வரவில்லை. வகுப்பில் கேலி. தினமும் காலையில் வயிற்று வலி என்று அழுகை. "தம்பி, நீ இஞ்சினியரிங் படிக்கிறவன். ஸ்கூலை நிறுத்திட்டு நானே வீட்டுல சொல்லிக் கொடுக்கலாமா? சொல்லுய்யா" என்றார். நம்மிடம் இப்படிக் கேட்கிறவருக்கு "ஆமாம்" "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வது சுலபம். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு ஒரு பிள்ளையின் பத்து வருஷம் போகிறது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்குத் தெரியாது. 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில் 2002-இல் செய்த திருத்தத்தின்படி, 2003 முதல் மலேசியாவில் 6 ஆண்டுத் தொடக்கக் கல்வி கட்டாயம். ஜனவரி முதல் தேதி 6 வயது நிரம்பிய பிள்ளையை அந்த ஆண்டே பள்ளியில் பதிய வேண்டும். மீறினால் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விலக்கு அளிக்கும் அதிகாரம் கல்வி அமைச்சருக்கு உண்டு. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025-இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆகவே, நாளையிலிருந்து அனுப்பாமல் விட்டுவிடுவது வீட்டுக்கல்வியின் முதல் படி ஆகாது. மாவட்டக் கல்வி அலுவலகத்தில் போய்க் கேட்டு, விண்ணப்பித்து, எழுத்தில் பதில் வாங்குவதுதான் முதல் படி.

உலகமும் இதில் ஒரே மனதாக இல்லை. ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் அது சட்டபூர்வம். ஒரு நாடு, பிள்ளை சமூகத்துக்கும் சொந்தம் என்கிறது. இன்னொரு நாடு, பெற்றோருக்கே முதல் உரிமை என்கிறது. என்னைக் கேட்டால், பிள்ளை இரண்டு பேருக்கும் சொந்தமில்லை. அவன் நாளைக்கு ஆகப் போகிற பெரிய மனிதனுக்குச் சொந்தம். பெற்றோரும் அரசாங்கமும் அந்த மனிதனின் சொத்தைப் பார்த்துக்கொள்கிற டிரஸ்டிகள், அவ்வளவுதான். இருபது வயதில் அவன் வந்து கணக்குக் கேட்பான். அப்போது நாம் காட்டக் கணக்கு இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கை நினைத்துத்தான் வீட்டுக்கல்வி தொடங்க நினைக்கும் பெற்றோரிடம் நாம் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் கேள்வி: ஓடுகிறீர்களா, குடிபெயர்கிறீர்களா?

நம்ம ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1883-இல் அணை உடைந்து பழைய கோலகுபு வெள்ளத்தில் அழிந்தது. அப்போதைய மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங்கும் அதில் இறந்தார். அணை உடைந்த இடம் என்பதால்தான் அம்பாங் பெச்சா. அதற்குப் பிறகும் ஆறு மண்ணை அள்ளிக்கொண்டு வந்து ஊரை மூழ்கடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் 1920களில் சார்ல்ஸ் ரீட் என்ற நகரத் திட்டமிடுநர் புது ஊருக்குப் படம் வரைந்தார். மனை பிரித்து, சாலை போட்டு, அதற்குப் பிறகுதான் ஊர் இடம் மாறியது. அதுதான் கோலகுபு பாரு. வெள்ளத்தன்று ஓடியவர்களுக்கும் திட்டம் போட்டு இடம் மாறியவர்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஓடியவர்களுக்குப் போகும் இடம் தெரியாது.

கேலி, அடி, பயம் என்று வெள்ளம் தலைக்கு மேல் வந்துவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் வேண்டும், அதில் தப்பே இல்லை. ஆனால் ஓடி வந்து நின்ற மேட்டை ஊர் என்று சொல்லக்கூடாது. பள்ளி மேல் உள்ள கோபம் ஒரு பாடத்திட்டம் ஆகாது. ஆகவே முதலில் பிரச்சினைக்குச் சரியான பெயர் வையுங்கள். வாசிக்க வரவில்லை என்றால் பள்ளியில் குறைநீக்கல் வகுப்பு இருக்கிறதா என்று கேட்டீர்களா? கண் பரிசோதனை செய்தீர்களா? டிஸ்லெக்சியா, ஆட்டிசம் மாதிரி ஏதாவது இருக்குமோ என்று அரசாங்க மருத்துவமனையில் காட்டினீர்களா? சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளை எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019-இல் கொண்டுவந்தது. வேறு பள்ளிக்கு மாற்றிப் பார்த்தீர்களா? இத்தனையும் பார்த்த பிறகும் வீடுதான் சரி என்றால், அது குடிபெயர்தல். இதில் ஒன்றும் பார்க்கவில்லை என்றால், அது ஓட்டம். அந்த அக்காவிடம் நான் முதலில் கேட்டதும் இதைத்தான்.

இரண்டாவது கேள்வி: யார் சொல்லிக் கொடுப்பது, எது வரைக்கும்?

நம்ம தமிழ் வரலாற்றிலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1855-இல் பிறந்தவர். அவருடைய அப்பா சங்கீத வித்துவான். மகனுக்குச் சங்கீதத்தை அவரே சொல்லிக் கொடுத்தார். ஆனால் பையனுக்கு மனம் தமிழில் போனது. அப்பா என்ன செய்தார்? "எனக்குத் தெரிந்தது போதும், வீட்டிலேயே இரு" என்று சொல்லவில்லை. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று தமிழ் தெரிந்தவர் இருக்கும் ஊராகப் பார்த்துக் குடும்பத்தோடு அலைந்தார். கடைசியில் மகனை மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய் ஒப்படைத்தார். பின்னால் சங்க நூல்கள் அச்சில் வந்ததற்குப் பின்னே அந்தத் தகப்பனின் நடையும் இருக்கிறது.

அவர் செய்ததும் வீட்டுக்கல்விதான். அதன் உச்சம், தன் அறிவு எங்கே முடிகிறது என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் சொல்லிக் கொடுக்கப் போகிற பெற்றோர் இந்தக் கணக்கை முதல் நாளே போட வேண்டும். தமிழ் எனக்கு வரும், கணிதம் நாலாம் ஆண்டு வரை வரும், மலாய் மொழி பேச வரும், எழுத வராது. அப்படியென்றால் மலாய்க்கு யார், ஐந்தாம் ஆண்டுக் கணிதத்துக்கு யார், அதற்கு மாதம் எவ்வளவு? கைபேசியில் காணொளி போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போவது சொல்லிக் கொடுத்தல் ஆகாது.

இதில் இன்னொரு விஷயத்தை நாம் மறைக்கக்கூடாது. வீட்டுக்கல்வி என்று அழகாகப் பெயர் வைத்தாலும், பெரும்பாலான வீடுகளில் அது அம்மா கல்வி. வேலையை விடுவது அம்மா. சமைத்துக்கொண்டே எழுத்துக்கூட்டச் சொல்வதும் அம்மா. பையன் தேறவில்லை என்றால் பேச்சு கேட்பதும் அம்மாதான். அப்பா தன் பங்குக்கு வாரத்தில் எந்த ரெண்டு மாலை உட்காருவார் என்று நேரம் குறிக்காத வீட்டில் இதைத் தொடங்குவது நியாயமில்லை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நான் படிவம் 4. எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள், நல்ல கைபேசி ஒன்று. அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. அந்த மாதங்களில் நான் கண்ணால் பார்த்தது இது: பாடம் முடிய ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தை ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில், கோபப்படாமல், ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்க வேண்டும். கஷ்டம் பாடத்தில் இல்லை, அந்த "ஒவ்வொரு நாளும்" என்பதில் இருக்கிறது.

மூன்றாவது கேள்வி: அவை எங்கே?

திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரம் தகப்பன் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய உதவி என்னவென்று சொல்கிறது. கற்றவர் அவையில் அவனை முன்னால் இருக்கச் செய்வதுதான் அது. நாம் இதை அடிக்கடி மேடையில் கேட்கிறோம். ஆனால் அந்த "அவை" என்ற இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். அறிவைக் கொடு என்றதோடு வள்ளுவர் நிறுத்தவில்லை. பிள்ளை போய் நிற்க நாலு பேர் கூடிய ஓர் இடத்தை அவர் எதிர்பார்க்கிறார். வீடு எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் அவை ஆகாது. அம்மா மார்க் போட்டால் பிள்ளை எப்போதும் முதல் மாணவன்தான்.

நான் மின் பொறியியல் படிக்கிறவன். எங்கள் பாடத்தில் ஓர் அடிப்படை விஷயம் உண்டு. வெளியே வரும் விளைவை அளந்து உள்ளே திருப்பிச் சொல்லாத கருவி தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளாது. அறை குளிர்ந்துவிட்டது என்று சொல்ல யாரும் இல்லாத ஏர்கோன் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கல்விக்கும் வெளியே இருந்து ஓர் அளவுகோல் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பெற்றோர் அல்லாத ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியராக இருந்தால் இன்னும் நல்லது, பிள்ளையை வாசிக்கச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லிப் பார்க்க வேண்டும். அவர் சொல்வதைப் பெற்றோர் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் நம்ம ஆட்கள் சிலர் சொல்லும் ஒரு காரணத்தையும் பேச வேண்டும். "பள்ளிக்கு அனுப்பினால் சமயம் போயிடும், பண்பாடு கெட்டுடும். அந்தக் காலக் குருகுலம் மாதிரி வீட்டிலேயே வளர்க்கப் போறோம்." அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் குருகுலத்தைப் பெருமையாகப் பேசும்போது வாசலுக்கு வெளியே நின்றவனையும் நினைக்க வேண்டும். ஏகலைவனுக்குத் துரோணரிடம் இடம் கிடைக்கவில்லை. காட்டில் தானாகவே கற்றான், அதற்கும் கட்டைவிரலைக் கொடுத்தான். நம்மில் பலருடைய முன்னோர்களும் அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்கள்தான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அப்படி வந்த பள்ளி பல இடங்களில் ஒரு கொட்டகைதான். சொல்லிக் கொடுத்தது கங்காணியோ கிராணியோதான். இருந்தாலும் அந்தக் கொட்டகையில் யார் பிள்ளையும் உட்காரலாம். 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவற்றை விட்டுப் பிள்ளையை எடுப்பதற்கு முன்னால், அந்தப் பள்ளிகள் யாருடைய வியர்வையில் நின்றன என்று ஒரு தடவையாவது நினைத்துப் பார்க்கலாம்.

சமயம் விஷயத்தில் என் கருத்து இது: பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் மலாய்ப் பிள்ளையோடும் சீனப் பிள்ளையோடும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் கரைந்துபோகிற பக்தியை நாம் சரியாக ஊட்டவில்லை. தொட்டியில் வைத்த ஆலங்கன்றும் ஆலமரம்தான், ஆனால் அது யாருக்கும் நிழல் தராது.

நாலாவது கேள்வி: வெளியே வரும் வழி தெரியுமா?

அபிமன்யு கதை நமக்கெல்லாம் தெரியும். நாம் கேட்டு வளர்ந்தபடி, சுபத்திரை வயிற்றில் இருக்கும்போதே சக்கரவியூகத்துக்குள் நுழையும் வழியைக் கேட்டுக்கொண்டான். அம்மா தூங்கிவிட்டதால் வெளியே வரும் வழி கிடைக்கவில்லை. எல்லாரும் அம்மா தூக்கத்தைத்தான் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. போர்க்களத்தில் இறக்கும்போது அவனுக்கு வயது 16. பாதியில் நின்ற பாடத்தை முடித்துக் கொடுக்க 16 வருஷம் இருந்தது. அப்பா 13 வருஷம் வனவாசத்திலும் அஞ்ஞாதவாசத்திலும். மாமன் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வில் வித்தை எல்லாம் வந்தது. ஆனால் "இந்தப் பாடம் பாதியில் நிற்கிறதே" என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை. வீட்டுப் பாடத்தில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். எது விட்டுப்போனது என்று யாருக்கும் தெரியாது, அது தேவைப்படும் நாள் வரைக்கும்.

நம்ம நாட்டில் வெளியே வரும் வழி என்ன? யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும் பி.டி.3 தேர்வு 2022-இலும் நிறுத்தப்பட்டன. ஆகவே வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு நடுவில் அந்த ரெண்டு தேர்வும் இல்லை. நேராக எஸ்.பி.எம். வாசலில் போய் நிற்பான். தனியார் விண்ணப்பதாரராக அதை எழுதலாம். ஆனால் சான்றிதழ் கிடைக்க மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும். வீட்டில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் பேசி வளர்ந்த பிள்ளைக்கு இந்த ரெண்டும்தான் பூட்டு. ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற வெளிநாட்டுத் தேர்வும் உண்டு. அதற்குப் பணம் அதிகம், அரசாங்க வேலைக்கும் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கும் அது எப்படி ஒத்துவரும் என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

மும்பை மாளவிகா ஜோஷியைப் பற்றிச் சிலர் சொல்வார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அம்மாவிடம் வீட்டில் படித்து, அனைத்துலகக் கணினி ஒலிம்பியாட்டில் 3 பதக்கம் வாங்கி, 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனவர். உண்மைதான், கைதட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தக் கதையின் இன்னொரு பாதியையும் சொல்லுங்கள். 12ஆம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் இந்திய ஐ.ஐ.டி. கதவு அவருக்குத் திறக்கவில்லை. ஒலிம்பியாட் பதக்கம் என்ற வேறு சாவி அவர் கையில் இருந்தது. எல்லாப் பிள்ளைகள் கையிலும் அது இருக்காது.

நாலு கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் பெற்றோரைத் தடுக்க நான் யார்? அவர்கள் தொடங்கட்டும். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் சின்னச் சின்ன விஷயங்கள்தான் உண்டு. முதல் மாதம் பாடத்தை ஏற்ற வேண்டாம்; பள்ளியில் பட்ட காயம் ஆறட்டும், ஆனால் தூங்கி எழும் நேரம் மாறவேண்டாம். தினமும் அரை மணி நேரம் பிள்ளைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், தமிழில் ஒரு நாள், மலாயில் ஒரு நாள். தேசியப் பாடத்திட்டத்தின் பாட நூல்களைக் கையில் வைத்திருங்கள். பிள்ளை எப்போது பள்ளிக்குத் திரும்ப நினைத்தாலும் பாலம் அறுந்திருக்கக்கூடாது. அன்றன்று என்ன படித்தான் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். இருபது வயதில் அவன் கேட்கப் போகிற கணக்கு அந்த நோட்டுதான். வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளையையே கேளுங்கள்: "திரும்பப் பள்ளிக்குப் போறியா?" அவன் ஆமாம் என்றால் நம்ம கௌரவத்தைப் பார்க்காமல் கொண்டுபோய் விடுங்கள்.

நான் தேடிய கோடு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பிள்ளைக்காகப் பெரியவர்கள் தினமும் ஏதாவது விட்டுக்கொடுத்தால் அவன் வீட்டில் படிக்கிறான். பெரியவர்களின் வசதிக்காக, பயத்துக்காக, வீம்புக்காகப் பிள்ளை விட்டுக்கொடுத்தால் அவன் வீட்டில் இருக்கிறான். பெயர் ஹோம்ஸ்கூல் என்று மாறினாலும், அது பால் வாளி தூக்கிய பிள்ளையின் கதைதான்.

கடைசியாக நமக்கு ஒரு வேலை. பிறப்புப் பத்திரம் இல்லாமல், பெற்றோரின் கல்யாணம் பதியாமல், அடையாள ஆவணம் இல்லாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகளும் நம்ம சமூகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுக்கும், விரும்பி வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஓர் அவை வேண்டும். நம்ம கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு நடக்கிறது. தேவாரம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் என்ன? ஒருத்தர் மலாய், ஒருத்தர் கணிதம், ஒருத்தர் பிள்ளைகளை எழுந்து நின்று பேச வைப்பது. ஆவணம் இல்லாத வீட்டுக்கு ஒருத்தர் பாரத்தை எடுத்துக்கொண்டு தேசியப் பதிவிலாகா வரைக்கும் கூடப் போவது. நாம் நாலு பேர் சேர்ந்தால் அதுவே அவைதான். உங்கள் கிளையின் அடுத்த கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுத்துப் பேசிப் பாருங்கள்.